சுயம்புலிங்கத்தின் ஒற்றை ஆள் விமானம்

பனகல் பார்க் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்த சுயம்புலிங்கம், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் விமானம் கட்டத் தொடங்கினார். அமெரிக்காவில் இருந்த மைத்துனர் மகன், அங்கே ஆட்கள் வீட்டுக் கொட்டகையிலேயே சின்ன விமானம் கட்டிப் பறக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லப்போக, இவர் விடாப்பிடியாக வரைபடங்களைத் தருவித்துவிட்டார். மரச்சட்டம், துணி, பசை, ஒரு கார் எஞ்சின். ஒரே ஒரு ஆள் உட்காரலாம். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பாத்திரம் விற்றுப் பிழைத்த குடும்பத்தில் எவரும் பரணுக்கு மேல் ஏறியதில்லை என்பது அவருக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை.

மரவேலைக்கு வடபழனியிலிருந்து துரைராஜ் வந்தார். சினிமா செட் போடும் ஆசாரி. ஏற்கெனவே நான்கு விமானம் செய்திருப்பதாக அவர் சொன்னதும் சுயம்புலிங்கத்துக்குப் புல்லரித்துவிட்டது. துரைராஜ் வலதுபக்க இறக்கையை அழகாக முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்றார்.

"இடது பக்கம்?"

"இன்னா மொதலாளி, காமிரா ரெண்டு பக்கத்துலேர்ந்துமா பாக்கப்போவுது?"

இது நிஜமாகவே பறக்கப்போகிறது என்று புரியவைப்பதற்குள் சுயம்புலிங்கத்துக்குத் தொண்டை வறண்டுவிட்டது. புரிந்தபிறகு துரைராஜ் ஒரு நாள் முழுக்க வேலைக்கு வரவில்லை.

எஞ்சினுக்காக அடையாறில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரரின் பழைய காரை வாங்கினார். எஞ்சினைக் கழற்றியபின் கார் வாசலிலேயே நின்றது. அவர் மனைவி சுந்தரவல்லி அதன் மண்டையில் மோர்மிளகாய் காயவைத்தாள். மாலையில் அவள் அரிசியில் கல் பொறுக்கும்போது சுயம்புலிங்கம் எதிரில் உட்கார்ந்து, ஸ்டிக்கை இழுத்தால் மேலே போகும், தள்ளினால் கீழே வரும், பக்கத்துக் கம்பியை முன்னால் தள்ளினால் வேகம் கூடும் என்று நடித்துக் காட்டுவார். "இந்தக் கூத்தெல்லாம் எனக்கு எதுக்குச் சொல்லுதீய?" என்பாள். ஆனாலும் எழுந்து போகமாட்டாள்.

மூன்று வருஷத்தில் விமானம் தயாராகிவிட்டது. சுயம்புலிங்கம்தான் தயாராகவில்லை. ஓட்டுகிறவர் எழுபது கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரைபடத்தில் போட்டிருந்தது. அவர் தொண்ணூறைத் தாண்டியிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். காலையில் பார்க்கைச் சுற்றினார். சுற்றிய களைப்புக்கு எதிர் ஓட்டலில் நெய்ரோஸ்ட் சாப்பிட்டார். மாம்பலம் ஸ்டேஷன் எடை மெஷினில் காசு போட்டால், 'விரைவில் உயர்வு உண்டு' என்ற வாசகத்தோடு இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டிச் சீட்டு விழுந்தது.

பறக்கத்தான் சர்க்கார் அனுமதி வேண்டும், தரையில் ஓட்டிப் பார்க்க யாரைக் கேட்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இறக்கைகளைக் கழற்றி, மாட்டுவண்டிகளில் ஏற்றி, கே.கே. நகரில் வீடுகள் வராத பொட்டல்வெளிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் போலீஸ்காரர் நிறுத்தி, "ஷூட்டிங்கா?" என்றார். துரைராஜ் யோசிக்காமல் தலையாட்டினார். அவ்வளவுதான், பின்னாலேயே ஒரு கூட்டம் வந்துவிட்டது.

இறக்கைகளை மறுபடி மாட்டியதும் சுயம்புலிங்கம் ஆஞ்சநேயரை நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். சீட்டுக்கு அடியில் சட்டம் நெறிபட்டது. எஞ்சின் உறுமியது, விமானம் நடுங்கியது, நகரமாட்டேன் என்றது. இறங்குவதற்கு அவரை இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. துரைராஜைப் பார்த்தார்.

"எனக்கு அஞ்சு கொயந்திங்க கீது மொதலாளி," என்றபடி துரைராஜ் வண்டிமாட்டுக்குப் பின்னால் போய் நின்றார்.

இட்லித் தூக்கோடு வந்திருந்த சுந்தரவல்லி ஐம்பது கிலோகூட இருக்கமாட்டாள்.

"சும்மா அந்தக் கோடி வரை ஓட்டிட்டுத் திரும்பிருளா. தரையிலதான். மூணு வருச உழைப்பு," என்று கெஞ்சினார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு புடவையைக் கணுக்காலோடு இறுக்கிச் செருகி, தலைப்பை இழுத்துக் கட்டிக்கொண்டு ஏறினாள். கூட்டத்தில் ஒருவன், "ஹீரோயினுக்கு டூப்பு போல," என்றான்.

பொட்டலின் பாதி வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"மொதலாளி! அம்மா போறாங்கோ!" என்று துரைராஜ் அலறினார்.

விசில் பறந்தது. சுயம்புலிங்கம் வேட்டி அவிழ்வதையும் பார்க்காமல், "தள்ளு, தள்ளு!" என்று கத்திக்கொண்டே ஓடினார். விமானம் ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று ஏறி, ஒரு எருமைக் கூட்டத்தைத் தாண்டியது. பிறகு எஞ்சின் சத்தம் தணிந்தது. மெதுவாக இறங்கி, இரண்டு துள்ளு துள்ளி, வேலிகாத்தான் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஒரு சக்கரம் தனியாகக் கிடந்தது. சுந்தரவல்லி கையில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் அவருக்கு அழுகைதான் வந்தது.

"இன்னைக்கே ஒடைச்சு அடுப்புல போட்டுருதேன் வல்லி. இனி இந்தப் பேச்சே வேண்டாம்."

"யாரைக் கேட்டு ஒடைப்பீய?" என்றாள் அவள். முகம் சிவந்து, கண் பளபளவென்று இருந்தது. "அது நல்லாத்தான் போகுது. எனக்குக் கால் எட்டலை, சீட்டை முன்னால தள்ளிப் போடச் சொல்லுங்க."

பின்னால் ஓடிவந்த கூட்டம் படத்தின் பெயரைக் கேட்டது.

அடுத்த வாரம் விசாரிக்க ஒரு சர்க்கார் அதிகாரி வந்தார். அனுமதியில்லாமல் விமானம் ஓட்டியது யார் என்று சுயம்புலிங்கத்தை அதட்டினார். "நான்தான்," என்றபடி சுந்தரவல்லி காபியோடு வந்து நின்றாள். அதிகாரி அவளைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், காபியை வாங்கிக்கொண்டார். முறையாகப் பறக்கப் படித்துவிட்டு வரும்வரை அதைத் தொடக்கூடாது என்று மட்டும் எச்சரித்துப் போனார்.

வாரத்தில் இரண்டு நாள் காலை சுயம்புலிங்கம் கடையை ஆளிடம் விட்டுவிட்டு, அவளை ஸ்கூட்டரில் மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் கிளப்புக்குக் கூட்டிப்போனார். அவள் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பார். பக்கத்தில் யாராவது நின்றால், கேட்காவிட்டாலும், "உள்ள இருக்கது என் வீட்டுக்காரி," என்பார்.