பெரிய எழுத்தில் ஓர் உயில்

“கல்யாணம் பண்ணாம கூடவே வாழ்ந்தவளுக்கு, உயில் எழுதாம செத்தவனோட வீட்டுல என்ன பங்கு?” என்று கேட்டாள் இர்மா. ஒரு கையில் கேள்விப் புத்தகம். இன்னொரு கையால், படுக்கையில் கிடந்த ஒவீடின் உதடுகளை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தாள்.

நெல்டா தயங்கினாள். இர்மா அவளுடைய அம்மா அல்ல. அம்மா போன பிறகு வந்து, ஒரு மோதிரம்கூடக் கேட்காமல் அப்பாவோடு இருபது வருடமாக இந்த வீட்டில் இருப்பவள்.

“ஒண்ணும் கிடையாது, மிஸ் இர்மா. எல்லாம் பிள்ளைங்களுக்குத்தான்.”

“சரி. அடுத்தது. உயில்ல எங்கெங்க கையெழுத்துப் போடணும்?”

“ஒவ்வொரு பக்கத்துலயும். முடியற எடத்துலயும்.”

“போன தடவை இதத்தானே கோட்டை விட்டே?”

ஆமாம், ஒரே கேள்வியில் போயிற்று. மகள் நோட்டரி பரீட்சையில் நூலிழையில் தோற்றதை ஒவீட் இறால் படகுக்காரர்கள் அத்தனை பேரிடமும் ஜெயித்த மாதிரிதான் சொல்லிக்கொண்டு திரிந்தார். உயில் எழுத ஊர் நோட்டரி கீத்ரோவைக் கூப்பிடலாம் என்று நெல்டா சொன்னபோதெல்லாம் ஒரே பதில். “என் மக நோட்டரி ஆகப்போறா, அந்தக் கிழவன் எதுக்கு? வீடு இர்மாவுக்குன்னு நீயே எழுது. உன் முதல் பேப்பர் என்னோடதா இருக்கட்டும், ஷா.” செல்லம் பொங்கினால் ‘ஷா’. அந்தப் பெருமை நெல்டாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதனால்தான் உயிலை இத்தனை நாள் தள்ளிப்போட விட்டாள்.

இன்று பேட்டன் ரூஜ் நகரத்தில் மறுபடியும் பரீட்சை. கார் சாவியை எடுத்தாள். தெற்குக் காற்று விடியலிலிருந்து ஓயவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடும் பாயூ ஓடையின் தண்ணீர் முற்றத்தில் ஏறியிருந்தது. அண்ணன் கர்ட்டிஸ் அளவு நாடாவோடு வராந்தாவைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். அப்பா கண்ணை மூடியதும் இடத்தை விற்றுவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். அதை ஒளித்து வைக்கிற சாமர்த்தியமும் அவனுக்கு இல்லை.

அப்பாவின் மூச்சு நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. மூச்சு இப்படி நின்று நின்று வந்தால் எங்கேயும் போக வேண்டாம் என்று நேற்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

நெல்டா சாவியைக் கீழே வைத்தாள்.

“கிளம்பு பொண்ணே. இத விட்டா அடுத்த பரீட்சை எப்பவோ.”

“வரும்போது வரட்டும்” என்று சொல்லிவிட்டு, கீத்ரோவுக்கு போன் போட்டாள்.

கீத்ரோ கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, பையைத் தலைக்குமேல் தூக்கியபடி தண்ணீரில் நடந்து வந்தார். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு பிளாசிடும் அவன் மனைவியும் வந்தார்கள். உயிலை நெல்டா முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தாள். கையெழுத்துப் போடுகிறவர் தானே படித்தாக வேண்டும் என்பது சட்டம். அப்பாவுக்குக் கண் மங்கல் என்பதால் பெரிய பெரிய எழுத்தில் அடித்திருந்தாள். அதனாலேயே ஒரு பக்கத்தில் முடியவேண்டியது இரண்டு பக்கமாகிவிட்டது.

ஒவீட் கண் திறந்தார். “பரீட்சைக்குப் போகலையா?”

“போயிட்டு வந்துட்டேம்பா. பாஸ்.”

ஏதோ சொல்ல வாயெடுத்த கீத்ரோ, தன் முத்திரையை எடுத்து நெல்டாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

ஒவீட் உதடு அசைய இரண்டு பக்கத்தையும் படித்தார். “என் உயில்தான் இது. சரியாத்தான் எழுதியிருக்கே.” முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். படகில் பெயர் எழுதுவதுபோல, ஒவ்வோர் எழுத்தாக. நெல்டா பக்கத்தைத் திருப்பினாள். பேனா சரியான இடத்துக்கு வந்துவிட்டது. அப்போது அவர் தலையைத் தூக்கினார்.

“பாத்தியாடா கீத்ரோ... என் மகள. நீ இனிமே கடைய மூடு.”

“மூடிட்டேன்டா. நீ மொதல்ல போடு.”

“இரு... என்ன அவசரம்...”

சிரித்தார். மூச்சு நின்றது. திரும்பி வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். இவ்வளவு நேரமும் வந்ததுதானே.

வரவில்லை. தாளில் பேனா தொட்ட இடத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

பிளாசிட் தரையைப் பார்த்தபடி சொன்னான். “கை இன்னும் சூடாத்தான் இருக்கும். நாங்க எதையும் பாக்கல.”

கீத்ரோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நெல்டா அப்பாவின் கையைப் பேனாவோடு சேர்த்துப் பிடித்தாள். சூடாகத்தான் இருந்தது.

இர்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“விடு பொண்ணே. நீ இன்னும் பரீட்சை எழுதணும்.”

பேனாவை மூடி கீத்ரோவிடம் கொடுத்தாள். வாசலில் கர்ட்டிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். நாடா அவன் கையில் சுருண்டிருந்தது.

இர்மா முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனாள். மூக்குக் கண்ணாடி அடுப்படியில் கிடந்தது. அது இல்லாமலே கடைசி வரி வரை படித்தாள்.