சுபைறா மாமியின் குரவை

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலுக்கு வந்தால் குரவை போட வேண்டும். பெண்கள் கூட்டமாக நாக்கைச் சுழற்றி எழுப்பும் அந்தச் சத்தம் இல்லாமல் எந்த மாப்பிள்ளையும் உள்ளே வரமாட்டான். வந்தால் அவனை மதிக்கவில்லை என்று அர்த்தம். கல்முனைக்குடியில் குரவை என்றால் சுபைறா மாமிதான். மாமி தொடங்கினால்தான் மற்றவர்கள் சேருவார்கள். அவர் குரலுக்கு முன்னால் ஜெனரேட்டர் சத்தமெல்லாம் தோற்றுப்போகும்.

நான் றுஸ்தா. கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் கமரா பிடிப்பவள். எனக்கென்று ஒரு வீடியோச் சேனல் இருக்கிறது. அதில் பெண்களின் முகத்தைக் காட்டவே மாட்டேன். மருதோன்றிக் கைகள், பந்தல், பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் ஆவி பறக்கும் புரியாணி, இவ்வளவுதான். ஒவ்வொரு வீடியோவும் மாமியின் குரவையோடு தொடங்கும். அதைப் பார்த்துத்தான் பொத்துவில் வரைக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அந்தச் சேனலுக்குத்தான் ஆபத்து வந்தது. ‘பிறருக்குச் சொந்தமான ஒலியைப் பயன்படுத்தியுள்ளீர்கள்’ என்று ஒரு வீடியோவை முடக்கினார்கள். அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவதும் வந்தால் சேனலையே மூடிவிடுவார்களாம். எந்த ஒலி என்று பார்த்தால், மாமியின் குரவை! சொந்தக்காரர் யார் என்று பார்த்தால், ‘பீட் பஸால்’!

பஸால் எங்கள் ஊர்ப் பையன்தான். கட்டாரில் வேலை, ஓய்வு நேரத்தில் பாட்டு. அவனுடைய தங்கச்சி கலியாணத்தில் நான் எடுத்த வீடியோ குடும்பத்து வட்ஸ்அப் குரூப்பில் சுற்றியிருக்கிறது. அதிலிருந்த குரவையை வெட்டித் தன் பாட்டின் தலையில் ஒட்டிவிட்டான். பாட்டை ஒரு கம்பனியிடம் கொடுத்தான். அவர்களுடைய மெஷின் உலகம் முழுக்கத் தேடி, அந்தச் சத்தம் உள்ள இடமெல்லாம் புகார் கொடுக்கிறது. என் சரக்கைக் கொண்டே என் கடைக்குப் பூட்டு! கம்பனிக்கு எழுதினேன். ‘தொடர்புகொண்டதற்கு நன்றி’ என்று பதில் வந்தது. திரும்ப எழுதினேன், திரும்பவும் நன்றி. அந்த நன்றியை வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடியோக்களை எல்லாம் நானே அழிக்கலாம். அழித்தால் சேனலில் என் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

இந்த நிலையில்தான் பஸாலுக்கே கலியாணம் வந்தது. பெண் மருதமுனை அஸ்னா. பெண் வீட்டார் குரவைக்கு மாமியையும் அவரோடு சேரும் எங்கள் ஊர்ப் பெண்களையும், கமராவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போகும் வழியில், ஓட்டோவில் வைத்து மாமியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

“அப்ப என்ட குரவை இப்ப அவன்டயா புள்ள?”

“கம்பனிட கணக்குல அப்பிடித்தான் மாமி.”

மாமி ஓம் என்று தலையாட்டிவிட்டு வெற்றிலையை மென்றார்.

மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்தது. அஸ்னாவின் தம்பி வழக்கப்படி பஸாலின் கால்களைக் கழுவி, அதற்குப் பரிசாக மோதிரத்தையும் வாங்கிக்கொண்டான். தலைப்பா, செர்வானி, ஈரக் கால்கள் எல்லாம் தயார். நான் கமராவை மாமியின் கைப் பக்கம் திருப்பினேன்.

சத்தமில்லை.

மாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் தொடங்காததால் மற்றப் பெண்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். பஸால் ஒரு காலைத் தூக்கியவன் திரும்ப வைத்தான். அவன் உம்மா முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“என்ன சுபைறா ராத்தா இது? என்ட மகனை இப்பிடியா வரவேற்கிற?”

“எனக்கு ஆசதான் தங்கச்சி. ஆனா அது உங்கட மகன்ட சாமானெல்லோ. கேக்காம எடுத்தா களவாப் போயிருமே. கலியாண வீட்டுல எனக்கு வேணாம் அந்தப் பாவம்.”

உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸாலுக்கு விளங்கியது. தலைப்பாவுக்குக் கீழே வியர்த்துக் கொட்டியது. கமராவுக்குப் பின்னால் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரித்தால் படம் ஆடிவிடும்.

“மாமி, குரூப்புல வந்ததுதானே. எல்லாருக்கும் பொது எண்டு நினைச்சி எடுத்திட்டன்.”

“ஓம், பொதுதான். நீ எடுத்ததுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. எடுத்துப்போட்டு உன்ட பேர்ல ஏன் எழுதின? இந்தப் புள்ளட சேனலை மூடப்போறானுகளாம்.”

“எந்தப் புள்ள?”

“நான்தான்!” என்றேன், கமராவை இறக்காமலே. “ரெண்டு வீடியோ போயிட்டு. இன்னும் ஒண்டுதான் மிச்சம். உங்கட கம்பனி எனக்கு நன்றி மட்டும் சொல்லிட்டே இரிக்கி.”

“அல்லாஹ்வே! எனக்குத் தெரியா றுஸ்தா. பாட்டைப் பாதுகாக்கவா எண்டு கம்பனிக்காரன் கேட்டான், ஓம் எண்டு பட்டனை அமத்தினன். அவ்வளவுதான்.”

செர்வானிக்குள் கையை விட்டு போனை எடுத்தான். கடற்கரைப் பக்கம் என்பதால் சிக்னல் இல்லை. மாப்பிள்ளை ஈரக் காலோடு மதிலோரம் நடந்து, கையை உயர்த்தி உயர்த்திச் சிக்னல் தேடினான். ஊர்வலம் முழுதும் அவன் பின்னால் நடந்தது. பலாக்காய் வண்டிக்காரர்கூட நிறுத்திப் பார்த்தார்.

“கிடைச்சிட்டு! புகாரெல்லாம் வாபஸ் வாங்கிறன். உண்மையான சொந்தக்காரர் ஆரெண்டு கேக்கிறான். மாமி, உங்கட பேரைப் போடுறன்.”

மாமி பின்னால் திரும்பி எங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்தார்.

“நான் தொடங்கினது மட்டும்தான். தனியப் போட்டா அது குரவையா? இவளுகள் எல்லாரும் சேர்ந்துதான் போட்ட.”

அவ்வளவுதான். ‘முஸ்பிறா எண்டு என்ட பேரையும் போடு’ என்று ஒரு குரல். ‘என்னை விட்டிராதே மகன்’ என்று இன்னொன்று. கூட்டம் மொத்தமாகப் பெயர் சொல்லத் தொடங்கியது. பஸால் தலையைச் சொறிந்தான். போனில் பெயர் எழுதும் பெட்டிக்குள் அத்தனை பெயருக்கு இடமில்லை. கடைசியில் அவன் தட்டியதை உரக்க வாசித்தான்: “கல்முனைக்குடிப் பெண்கள். முன்குரல், சுபைறா.”

“இப்ப சரி,” என்றார் மாமி. “பாட்டுலயும் அப்பிடியே போடு. பிறகு ஆர் கேட்டாலும் எடுக்கட்டும்.”

அனுப்பிவிட்டான். புகார் மீளப்பெறப்பட்டது என்று என் போனும் சிணுங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சும்மா சொல்லக்கூடாது.

மாமி தொண்டையைச் செருமினார். வந்ததே ஒரு குரவை! மதிலில் இருந்த காகங்கள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. பஸாலின் உம்மாவும் மாப்பிள்ளை பக்கம் என்பதை மறந்து நாக்கைச் சுழற்றினார். இத்தனை வருசம் கமராவுக்குப் பின்னால் வாயை மூடி நின்ற எனக்கும் அடக்க முடியவில்லை, நானும் போட்டேன்.

அதனால் அந்த வீடியோவில் அந்த இடத்தில் படம் நன்றாக ஆடும். நான் அதை வெட்டவில்லை. சேனலின் புது முகப்பே அதுதான்.