மூட்டையின் அடிப்பக்கம்

தீவனக் கடைக்காரர் அவளுடைய சொந்த அக்காவைக் கட்டியவர். ஆகவே அந்தக் கடையில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது, சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் தட்டை மறுபடி கழுவிக்கொள்வது மாதிரி. யாரும் திட்டமாட்டார்கள். யாரும் மறக்கவும் மாட்டார்கள்.

போன மாதம் அவள் பார்க்காமல் ஒன்றும் வாங்கவில்லை. மூட்டையின் வாயைத் தளர்த்தி, ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். உடைத்த சோளத்தின் இனிய வாசனை. நிம்மதியாக வண்டியில் ஏற்றினாள். பாதி மூட்டை தீர்ந்த பிறகு கோழிகள் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அப்புறம் ஒவ்வொன்றாக விழுந்தன. நாற்பத்தோரு கோழிகளைப் புதைத்துவிட்டு வந்து மூட்டையைக் கவிழ்த்தாள். அடியிலிருந்து கட்டி கட்டியாக விழுந்தது. உடைத்தால் உள்ளே பச்சைப் பூஞ்சணம்.

மிச்சமிருந்த நூற்றறுபதும் இன்னும் இரண்டு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். கொட்டகையில் இருந்த தீவனம் இன்று சாயங்காலம் வரைக்கும்தான். அடுத்த தீவனக் கடைக்குப் போய் வர ஒரு முழு நாள் ஆகும்.

"வாம்மா கோழிக்காரி! எத்தனை மூட்டை?" என்றார் அத்தான்.

"நாலு. பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் எடுப்பேன்."

"தாராளமா பாரு. வாயைத் திறந்து காட்டச் சொல்றேன், பல்லை எண்ணிக்கோ."

"வாய் வேணாம் அத்தான். அடியைப் பிரிக்கணும்."

எடைத்தராசு பக்கத்தில் காத்திருந்த வாத்துக்காரர் சிரித்துவிட்டார். "அடியைப் பிரிச்சா மூட்டை எப்படிம்மா நிக்கும்?"

"தலைகீழா நிக்கும்."

அத்தானின் முகம் சிவந்தது. "நாலு பேர் முன்னாடி என் மச்சினியே என் சரக்கைச் சந்தேகப்பட்டா, வெளியில என்னைக் காறித் துப்புவாங்க."

"துப்பினா துடைச்சுக்கலாம் அத்தான். என் கோழிக்குத் துப்பத் தெரியாது. முழுங்கிட்டுச் செத்துப்போகும்."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அக்கா வந்தாள். புருஷனைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். "ஏன்டி, இதையெல்லாம் வீட்டுல வந்து பேசக்கூடாதா?"

"வீட்டுல பேசினா நீ காபி போட்டுக் குடுப்ப. நான் குடிச்சிட்டு, குடுத்த மூட்டையைத் தூக்கிட்டுப் போயிடுவேன். அதான் இங்கயே பேசறேன்."

அதற்கு மேல் அவள் யார் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. சுவரோரம் இருந்த மூட்டையைக் கட்டிப்பிடித்துப் புரட்டிக் கவிழ்த்தாள். அடித்தையலில் சரியான நூல்முனையைத் தேடிப் பிடித்து இழுத்தாள். சரசரவென்று ஒரே இழுப்பில் பிரிந்தது. முழங்கை வரை கையை விட்டாள். தூங்கி எழுந்த குழந்தையின் படுக்கையைப் போல உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பிடி எடுத்து இறுக்கி, விரல்களை விரித்தாள். நல்ல தீவனம் பொலபொலவென்று உதிர வேண்டும். இது உருண்டையாக உள்ளங்கையிலேயே உட்கார்ந்திருந்தது. காரல் வாடை அடித்தது.

அதை அத்தானின் மூக்கருகே நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுவரோரம் இன்னும் மூன்றைக் கவிழ்த்தாள். மூன்றும் அப்படியே. கடைசி மூட்டையை நகர்த்தியபோது, அது இருந்த இடத்தில் சுவரின் ஈரம் மூட்டையின் உருவத்திலேயே படிந்திருந்தது. வாத்துக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, தனக்காக எடுத்து வைத்திருந்த மூட்டையைத் தானே கவிழ்க்க ஆரம்பித்தார்.

அவள் வாசல் பக்கத்து வரிசைக்குப் போனாள். அவை பலகைமேல் அடுக்கியிருந்தன. அடியைப் பிரித்தாள். கைக்குக் குளுமை. மணல்போல் உதிர்ந்தது. இரண்டாவதும் நன்றாக இருந்தது.

"முன்னாடி இருக்கறது எல்லாம் புதுச் சரக்கு," என்றாள் மூச்சு வாங்க. "போன மாசம் எனக்கு மட்டும் ஏன் சுவரோரத்துலேருந்து எடுத்துக் குடுத்தீங்க?"

அத்தான் கோணி ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டிருந்தார். நூல் காதில் நுழையவில்லை. இரண்டு தடவை எச்சில் தொட்டு முறுக்கினார்.

"வெளியாளுங்க வாசல்லயே பார்த்துக் கேள்வி கேப்பாங்கம்மா," என்றார் கடைசியில், தலை நிமிராமல். "நீ நம்ம பொண்ணு, அடிவரைக்கும் பார்க்க மாட்டேன்னு... பழசை உனக்குத் தள்ளிட்டேன். இவ்வளவு கெட்டிருக்கும்னு சத்தியமா தெரியாது."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தான் அழுதால் அக்கா உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவாள், காபியும் வந்துவிடும். கோழிக்காரி மூன்றாவது மூட்டையைக் கவிழ்த்து, நூல்முனையைத் தேடினாள்.

"இனிமே என்னையும் வெளியாளாவே வெச்சுக்குங்க அத்தான்," என்றாள். "இதைக் கொஞ்சம் பிடிங்க."

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்தார்.