கடைசிப் படம் முதலில்

வெள்ளிக்கிழமைக் கணிதக் கருத்தரங்கில் அந்த ஆய்வு மாணவி பேசுவது இது மூன்றாவது முறை. அடைபட்ட ரத்தக்குழாயில் ரத்தம் எப்படிப் பாயும் என்று வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு விடை கண்டிருந்தாள். அந்த விடையைத்தான் ஒரு ஜீவனும் இன்னும் பார்க்கவில்லை. முன்வரிசையில் நந்தி மாதிரி குறுக்கே உட்கார்ந்திருக்கும் மூத்த பேராசிரியர், முதல் சமன்பாட்டிலேயே கையைத் தூக்கிவிடுவார். அவர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கண்டங்களே இடம் மாறிவிடும், நேரமும் முடிந்துவிடும்.

இன்று வயிற்றெரிச்சலோடு மேடையேறியவள், கடைசிப் படத்தை முதலில் போட்டாள். விடை திரை முழுக்க நின்றது.

"என்னம்மா இது, தலைகீழா? ஆரம்பம் எங்க?" என்று பதறினார் பேராசிரியர்.

"ஆரம்பத்த ரெண்டு தடவை உங்ககிட்டயே குடுத்தேன் சார். நீங்கதான் இன்னும் திருப்பித் தரல."

சிரிப்பில் கூரை ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது. விருந்தினராக வந்திருந்த இதய மருத்துவர் மட்டும் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைத்தாம்மா நாங்க தேடிக்கிட்டிருக்கோம். கொஞ்சம் விளக்குங்க."

பழக்க தோஷத்தில் பேராசிரியரின் கை மேலே எழுந்தது.

"கைய இறக்குங்க சார், திரைய மறைக்குது," என்றார் மருத்துவர்.