பத்துப் பேர் நின்றால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. சர்க்கரை கூடிவிட்டது, தினமும் சாயங்காலம் நடங்கள் என்று மருத்துவர் விரட்டியதால் கிடைத்தது. நடந்து களைத்து ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் உட்காரப் போனேன். ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. எடுத்து வழிவிடுவார் என்று நின்றேன். எடுக்கவில்லை. பெஞ்சின் மறுகோடியில் ஒண்டிக்கொண்டேன்.

நல்லவனாக இருந்து தொலைப்போமே என்று நானாக வாயைக் கொடுத்தேன். "இந்த வழியா இப்ப பஸ் வர்றதில்லைங்க. நிறுத்திட்டாங்க."

"தெரியும்," என்றார். "என் தம்பிதான் நிறுத்துனான். எம்.ஏ. படிச்சு."

அந்தக் குரலில் கோபம் மட்டும் இருந்திருந்தால் நான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது. [பெருமை என்ற சொல் சரிதானா என்று பல நாள் யோசித்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன்.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"பற்றாக்குறையைப் பங்கிடும் கலையே பொருளாதாரம் என்று பேராசிரியர் சொன்னபோது அவன் சன்னல் வழியாக—"

வேண்டாம். கதைகளில் வரும் மாணவர்கள் எல்லோரும் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். வகுப்பில் கரும்பலகை என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

"ஒரு நகரத்தின் பேருந்துகள் அதன் இரத்த—"

சே.

"பேருந்து நிறுவனத்தின் கால அட்டவணைப் பிரிவில் அவன் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது." இது பரவாயில்லை. தட்டையாக இருக்கிறது, ஆனால் அவன் பிழைப்பும் அப்போது அப்படித்தான் இருந்தது. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பெரிய தாளில் கோடு போடுவது அவன் வேலை. அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் திட்ட அலுவலர் ஆகி மேல்மாடிக்குப் போனார்கள். அவர்களிடம் முதுகலைப் பட்டம் இருந்தது. மேலாளர் அவனைத் தட்டிக்கொடுத்தே கழுத்தறுத்தார். "வேலை உனக்குத் தெரியுற அளவுக்கு இங்க யாருக்கும் தெரியாதுப்பா. தகுதிதான் இல்ல."

மாலைக் கல்லூரியில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்தான். அலுவலகத்தில் "புரொபசர்" என்று பெயர் வைத்தார்கள். கேன்டீனில் டீ ஆறிப்போனால்கூட, "புரொபசர், இதுக்கு என்ன தியரி?" என்பார்கள்.

அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளை வேகவைத்து, உலர்த்தி, மடித்து வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். சாயங்காலம் அவர் ஏறும் பேருந்து தம்பியின் அலுவலகம் வழியாக, கல்லூரியைத் தாண்டி, அவர்கள் குடியிருப்பில் போய் முடியும். ஆகவே இரண்டு வருடம் இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். அக்கா தன் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொள்வார். யார் வந்து முறைத்தாலும், "ஆள் வருது." பைக்குள் தம்பிக்கு ராத்திரிச் சாப்பாடு.

(இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தம்பியிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பாதி அக்கா சொன்னது, மீதி நான் ஒட்டுப்போட்டது. தையல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"இன்னைக்கு என்னடா பாடம்?"

"இறுதிநிலைப் பயன்பாடு."

"தமிழ்ல சொல்லுடா."

"இது தமிழ்தான்க்கா."

அவன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தான். "பசியோட தின்னா முதல் பிஸ்கட் அமிர்தம். ரெண்டாவது நல்லா இருக்கும். ஆறாவது வர்றப்ப போதும்னு தோணும். ஒவ்வொண்ணுலயும் கூடுதலா எவ்வளவு சந்தோஷம் கிடைக்குதோ, அதுக்குத்தான் இந்தப் பேர்."

"ஆறாவது பிஸ்கட் வரைக்கும் போற வீடு எதுன்னு உங்க புக்குல போட்டிருக்கா?"

நடத்துநர் சிரித்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது அக்காவும் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அப்போதுதான்.

4

இரண்டாம் வருடம் ஆய்வேடு. தன் நிறுவனத்தின் தடங்களையே எடுத்துக்கொண்டான். எது நட்டம், எவ்வளவு நட்டம் என்று வரிசைப்படுத்த வேண்டும். வழிகாட்டிய பேராசிரியர் அவசரக்காரர். "எல்லாம் சரி, என்ன செய்யணும்ங்கிறே? ஒரே வரியில சொல்லு."

வரிசையில் முதலில் வந்து நின்றது அக்கா ஏறும் தடம்.

காரணம் எளிது. பயணச்சீட்டு இயந்திரம் காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறவர்களை மட்டுமே எண்ணும். மாதப் பாஸ் வைத்திருப்பவர் நடத்துநரிடம் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார், இயந்திரத்துக்கு அவர் பிறக்கவே இல்லை. அந்த வண்டியில் வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் பாஸ்காரர்கள். சலவைக்காரர்கள், வார்டு உதவியாளர்கள், காவலாளிகள், மாலைக் கல்லூரி மாணவர்கள். ஆய்வேட்டை எழுதியவனின் சட்டைப் பையிலும் ஒரு பாஸ் இருந்தது. "பாஸ் பயணிகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை" என்று ஓர் அத்தியாயத்தின் வாலில் ஒரு வரி போட்டான். அத்தோடு மனசாட்சியின் வாயை அடைத்தாயிற்று. பரிந்துரை: இத்தடத்தை நிறுத்தலாம்.

இவனை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கெட்டவனாக்கிப் பார்த்தேன், கூலிங்கிளாஸ்கூட மாட்டிவிட்டேன். ஒட்டவில்லை. அப்பாவியாக்கிப் பார்த்தேன். சட்டைப் பையில் பாஸை வைத்துக்கொண்டு எப்படி அப்பாவியாக இருக்க முடியும்? கடைசியில் மிச்சமானது இதுதான்: அவனுக்குத் தெரியும். ஆய்வேடுகளை யாரும் படிப்பதில்லை, நூலகத்தில் தூங்கும் என்று நம்பினான். எனக்கு அவன்மேல் எரிச்சலாக வருகிறது. என் புத்தகங்களும் அங்கேதான் தூங்குகின்றன, அதனாலும் இருக்கலாம்.

முதல் வகுப்பில் தேறினான். மேலாளர் ஒரு பிரதி கேட்டு வாங்கினார். அந்த ஒரே வரியை மட்டும் படித்தார். அவன் திட்ட அலுவலராகி மேல்மாடியில் உட்கார்ந்ததும் முதலில் கையெழுத்துப் போட்டது அந்தத் தடத்தை நிறுத்தும் உத்தரவில்.

[முந்தைய பிரதியில் அவனுக்கு ஒரு காதலி உண்டு. கதையை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்று எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது, நானும் அதே வேலையைத்தான் பார்த்திருக்கிறேன். அவள் எந்தப் பக்கத்தில் நின்று காத்துக்கொண்டிருக்கிறாளோ.]

5

அன்றைக்கு வீட்டில்:

"நம்ம பஸ்ஸாடா?"

"ஆமாக்கா."

"கணக்குப் பண்ணிப் பாத்ததுல அப்படித்தான் வந்துச்சா?"

"அப்படித்தான் வந்துச்சு."

"அப்ப சரி."

தட்டில் கை வைத்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தானாம். பிறகு அவனாகவே சொல்லியிருக்கிறான். "நிறுத்துன தடத்தைக் கொஞ்ச நாள் கழிச்சு ஒரு தடவை திரும்பப் பாக்கணும்னு விதி இருக்குக்கா. நிறுத்தத்துல போய் எண்ணுவோம். பத்துப் பேர் நின்னா வண்டியைத் திரும்ப விடலாம்."

"ஓடாத பஸ்ஸுக்கு எவன்டா வந்து நிப்பான்?"

"ஜனங்க வாயால கேக்கறதை நம்பக் கூடாதுக்கா. என்ன செய்யறாங்கன்னுதான் பாக்கணும். நிஜமாவே வேணும்னா வந்து நிப்பாங்க."

இது பாடப் புத்தகத்தில் இருப்பது. வெளிப்பட்ட விருப்பம் என்று அதற்குப் பெயர்கூட உண்டு. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கித்தரும் பதில். அவன் சும்மா சொன்னான் என்றுதான் நினைக்கிறேன். அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

மருத்துவமனை முழுக்க வீடுவீடாகக் கேட்பதுபோல ஒவ்வொருவராகக் கெஞ்சி, முதல் வாரம் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். எண்ணுவதற்கு ஒருவரும் வரவில்லை. அடுத்த வாரம் ஒருத்தி தவணையில் ஸ்கூட்டர் எடுத்துவிட்டாள். காவலாளி மருத்துவமனைப் பக்கமே அறை பார்த்துக்கொண்டார். ஒருத்தியை வேலையே வேண்டாம் என்று கணவன் நிறுத்திவிட்டான். மற்றவர்கள் சேர்ந்து ஆட்டோ பிடித்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, சமைக்க வேண்டும், பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசியில் அக்கா மட்டும் மிஞ்சினார். வேலை முடிந்து வந்து, இருட்டும்வரை இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, வீங்கிய முழங்காலோடு வீட்டுக்கு நடக்கிறார். காலையிலும் நடைதான், தினமும் தாமதம்தான். மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். இந்த மாதம் பார்ப்பேன், அதற்குப் பிறகும் இப்படியென்றால் வர வேண்டாம்.

தம்பிக்கு இப்போது அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே நிறுவனத்தின் குடியிருப்பு. வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடு என்கிறான்.

"இத்தனை வருசமா என் சம்பளத்துல நான் சாப்பிடறேங்க. இனிமே அவன் கையைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?" என்று என்னிடம் கேட்டார். நான் பெஞ்சின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

6

முடிவுகள்.

முதல் முடிவு: தம்பி வருகிறான், அக்கா தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான், தொண்டை அடைக்கிறது, தாளில் பத்து என்று எழுதுகிறான். பேருந்து திரும்ப வருகிறது. இதை அக்காவிடமே சொல்லிப் பார்த்தேன். முகம் சுருங்கிவிட்டது. "ஒண்ணுன்னா ஒண்ணுன்னுதான் எழுதுவான். பொய்க்கணக்கு எழுத நான் அவனை வளர்க்கல."

இரண்டாம் முடிவு: மனம் வெதும்பித் தம்பி வேலையை விட்டுவிடுகிறான். என் பதிப்பாள நண்பருக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. மறுநாள் அந்த நாற்காலியில் வேறொரு எம்.ஏ. உட்காருவார், பஸ் அப்போதும் வராது என்றேன். "அதெல்லாம் வாசகன் யோசிக்க மாட்டான்யா," என்றார். உங்களைப் பற்றி அவருக்கு இருக்கும் அபிப்பிராயம் இது, நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, கதைக்குள் நானே நுழைவது. அக்காவிடம் சொன்னேன், "நானும் தினமும் வந்து உக்கார்றேன். எனக்குத் தெரிஞ்சவங்களையும் கூட்டிட்டு வர்றேன்."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "பஸ் வந்தா ஏறுவீங்களா?"

நடப்பதற்காக வீட்டைவிட்டு வெளியே வருகிற ஆள் நான்.

"அப்ப நீங்க கணக்குல வர மாட்டீங்க," என்றார், பிள்ளையிடம் சொல்வதுபோல் மெதுவாக. எனக்கு வலித்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

7

மாதக் கடைசி. நேற்று. [நேற்று என்பதை நம்ப வேண்டாம், கதைக்கு நேற்று.]

இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவன் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கையில் அட்டையும் அதில் செருகிய தாளும். சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரவும் இல்லை.

"தம்பி," என்றார் அக்கா. அவனைக் கூப்பிடவில்லை, எனக்குச் சொன்னார்.

அவன் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றான். பெஞ்சில் இரண்டு பேர் இருந்தோம். அக்கா என் பக்கம் திரும்பாமலே, உதடு அதிகம் அசையாமல் சொன்னார்.

"நீங்க எந்திரிச்சுக்கோங்க. கணக்கு தப்பாயிடும்."

பிறகு, இத்தனை நாளும் நான் பார்த்திராத ஒன்றைச் செய்தார். பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பத்து வேண்டிய இடத்தில் ஒன்றும் இரண்டும் ஒன்றுதான். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எதிர்ப்பக்கம் நிற்கும் முதல் வகுப்புக்காரனுக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

எழுந்தேன் என்று ஒருமுறை எழுதினேன். அந்தப் பெஞ்சில் அவர் தன்னந்தனியாகத் தெரிந்தார், என்னால் தாங்க முடியவில்லை, அடித்துவிட்டேன். எழவில்லை என்று எழுதினேன். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதையும் அடித்துவிட்டேன். பெஞ்சில் கையை ஊன்றி, பாதி எழுந்த நிலையில், அப்படியே—

அவன் பேனா மூடியைக் கழற்றிவிட்டான்.

எனக்கு இதற்குமேல் ஓடவில்லை. நீங்கள் வந்தால் உண்டு. பை இருந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது, உட்காரலாம். ஆனால் அக்கா ஒன்று கேட்பார். பதிலை வழியிலேயே யோசித்துக்கொண்டு வாருங்கள்.

பஸ் வந்தா ஏறுவீங்களா?