மின்னல் போட்ட பொத்தான்

சண்முகவள்ளிக்குக் கரண்டைத் தவிர வேறு எதைக் கண்டும் பயம் கிடையாது. போன வருசம் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர், அவள் புருசன் தங்கமுத்துவைத் தூக்கி வாழைக்குள் எறிந்ததைக் கண்ணால் பார்த்தவள். மனுசன் பிழைத்ததே பூர்வ புண்ணியம். அதனால்தான் மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் பிரபு, கூட்டாளி கையில் ஒரு குட்டி டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தனுப்பிய அன்றைக்கே அதன் முதுகில் இருந்த ஒரு பொத்தானைக் காட்டிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இதுல மின்னல் போட்டிருக்கு, பாத்தீகளா? டிரான்ஸ்பார்மர்ல மண்டை ஓட்டோட போட்டிருக்கானே, அதே மின்னல். ஒருத்தரும் தொடக்கூடாது."

மற்றபடி கேமராவில் அவள் கெட்டிக்காரி. பத்தே நாளில் எருமை, பூசணிப்பூ, வாத்தியார் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று ஒன்றை விடாமல் எடுத்துத் தள்ளிவிட்டாள். மருமகள் பானுப்ரியா மட்டும் சிக்கவில்லை. பிளாஷ் அடித்தால் பானுவுக்குக் கண் மூடிக்கொள்ளும். கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவள் தூக்கம்தான். தாலி ஏறும்போதுகூட முழிக்கவில்லை.

கல்யாணமாகி இரண்டே மாதத்தில், இரண்டு வருச ஒப்பந்தத்தில் விமானம் ஏறிய பிரபு, அதில் ஒரு படத்தைத்தான் எடுத்துப் போயிருந்தான். போன வாரம் போனில் கெஞ்சினான்.

"அவ கண்ணே எனக்கு மறந்து போகும்போல இருக்கும்மா. வளைகாப்பன்னைக்குக் கண்ணைத் தெறந்த மாதிரி ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பும்மா."

பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

வளைகாப்பு முடிந்தது. முடிந்த கையோடு பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கம். பானுவின் ஊரான நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த வேன் வாசலில் நின்றது. ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பியாக வேண்டும். இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி அமுக்கினாள் சண்முகவள்ளி. மூணு வந்ததும் பானு கண்ணை மூடினாள். எண்ணாமல் அமுக்கினாலும் மூடினாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ஸ்டிக்கர் பொட்டு அட்டையை நீட்டினாள். சண்முகவள்ளி அதிலிருந்து பெரிய பொட்டாக மூன்றை உரித்து, கேமராவில் வெளிச்சம் வருகிற இடத்தில் வரிசையாக ஒட்டிப் பார்த்தாள். படம் செக்கச்செவேலென்று விழுந்தது. கண் அப்போதும் மூடித்தான் இருந்தது.

"ஏனுங்க சம்மந்தி, நேரமாகுதுங்க" என்றாள் பானுவின் அம்மா.

"விட்டுருங்கத்தை. என் மூஞ்சிக்கு அம்புட்டுத்தான்" என்றாள் பானு. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் சண்முகவள்ளிக்கு விட மனசு வரவில்லை.

கேமராவைத் திருப்பினாள். திரையின் ஓரத்திலும் அதே மின்னல் குறி பொடிசாக இருந்தது. இந்த மின்னல்தான் அந்த வெளிச்சமோ என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெளிச்சத்தை அடக்குகிற சூட்சுமம் அந்தப் பொத்தானில்தான் இருக்க வேண்டும்.

ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டாள். மணைப்பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள். விரலில் காய்ந்த துண்டைச் சுற்றினாள்.

"வயித்துப்புள்ளக்காரி, நீ எட்டி நில்லு பானு."

"ஏ வள்ளி, கரண்டோட வெளையாடாத!" என்று கத்தினார் தங்கமுத்து.

பழனியாண்டவனை நினைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். குறி மாறியிருந்தது. இன்னொரு தரம் அமுக்கினாள். மின்னலுக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

பானுவை நிலைவாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுத்தாள். பிளாஷ் வரவில்லை. கை ஆடிப் படம் கலங்கிவிட்டது. நாற்காலி முதுகில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி அமுக்கினாள்.

"வெளிச்சமே அடிக்கலையே, படம் எப்படி விழும்?" என்றார்கள் பெண்டுகள்.

"எப்பங்கத்தை அடிக்கும்?" என்று கேட்டபடி, வரப்போகிற பிளாஷுக்காக முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் பானு.

அந்த முழி அப்படியே திரையில் இருந்தது. கன்னத்துச் சந்தனம், கை நிறைய வளையல், அகலமான இரண்டு கண். பானு அதை வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் திருப்பித் தரவில்லை. வேன்காரர் ஹாரன் அடித்தார்.

திண்டுக்கல் பிரவுசிங் சென்டரிலிருந்து படம் மறுநாள் போயிற்று. அதற்கடுத்த நாள் பிரபு போன் செய்தான். எடுத்ததும் மழை பெய்ததா என்று கேட்கிறவன், அன்றைக்கு மழையைக் கேட்கவில்லை.

"ஏலே, படம் வந்துச்சா? கண்ணு தெரியுதா?"

"தெரியுதும்மா. என்னையவே பாக்குறா. ரெண்டு வருசமெல்லாம் என்னால முடியாதும்மா. பிரசவத்துக்கு வாரேன். லீவு வாங்கிட்டேன்."

சண்முகவள்ளி போனைத் தங்கமுத்துவின் கையில் திணித்துவிட்டு, நெய்க்காரப்பட்டிக்குக் கிளம்பச் சேலை மாற்றப் போனாள்.