முன்கூட்டிப் போட்ட காணிக்கை

மின்சார ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் அண்ணனூர் ரயில்வே கார்ஷெட்டில் நான் மேற்பார்வையாளராக இருந்தவரை, ஓட்டிப் பார்க்காத பெட்டி எதுவும் என் கையெழுத்தோடு வெளியே போனதில்லை. நடந்ததைத்தான் நடந்தது என்பேன். எங்கள் குடும்பம் அப்படிப்பட்டது.

என் மகன் அருள் குடியை நிறுத்துவதற்காகக் குத்தம்பாக்கத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்தான். சபையில் விசாரித்தவர்களிடம், புனேயில் வேலை என்றேன். வீட்டு விஷயம் வீட்டோடு இருப்பதுதான் ஒழுங்கு. என் மனைவி சரசா வாரந்தோறும் போய்ப் பார்ப்பாள். நான் போனதில்லை. குணமாகி வரட்டும், வாசலில் நின்று அழைத்துக்கொள்கிறேன் என்றிருந்தேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு வேலை கிடைத்தால், ஆபரேஷன் நல்லபடி முடிந்தால், ஸ்தோத்திரக் காணிக்கை உறையின்மேல் காரணத்தை எழுதிப் போடுவார்கள். ஆயர் அதைச் சத்தமாக வாசிப்பார். அந்தக் குடும்பத்தார் எல்லோரும் பீடத்தின் முன் போய் முழங்காலிட, அவர் ஜெபிப்பார். கிடைத்த பிறகுதான் காணிக்கை. அதற்கு முன்னால் கேட்பது விண்ணப்பம். அதற்கு வேறு பெட்டி இருக்கிறது.

அந்த ஞாயிறு, வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது. பவுல் ரோமருக்கு எழுதிய பகுதி. கண்ணால் காண்பதை ஒருவன் நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, காணாததற்குத்தான் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று வரும். உச்சரிப்பு பிசகாமல் வாசித்துவிட்டு, ஆண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

ஆயர் உறைகளை வாசிக்கத் தொடங்கினார். ஒரு வீட்டில் புது வண்டி. ஒரு வீட்டில் பேத்திக்கு ஞானஸ்நானம். அடுத்து, "வேதமுத்து அய்யா, சரசா அம்மா குடும்பத்தார். மகன் அருளைக் குடியிலிருந்து விடுவித்து வீட்டுக்குக் கொண்டுவந்ததற்காக" என்றார்.

நான் உறை எதுவும் போடவில்லை; அருள் இன்னும் குத்தம்பாக்கத்தில்தான் இருந்தான். பக்கத்தில் இருந்த மாசிலாமணி என் காதருகே குனிந்து, "தம்பி புனேல இருக்குதுன்னுல்ல சொன்னீங்க?" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து சரசா எழுந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவழியில் நடந்தாள். மூட்டுவலிக்காரி, ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு போனாள். எல்லோர் கண்ணும் அவள் முதுகில் இருந்தது. முழங்காலிட முடியாமல் பீடத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

எங்கள் வீட்டுப் பெண் எவளும் சபை நடுவே தனியாக நின்றதில்லை. என் காலத்தில் அது நடக்கக் கூடாது. எழுந்தேன். மாசிலாமணி காலை ஒதுக்கிக்கொண்டார். போய் அவள் முழங்கையைப் பிடித்து மெதுவாக இறக்கி, நானும் முழங்காலிட்டேன். ஆயர் ஜெபித்தது எதுவும் எனக்கு நினைவில்லை. சரசாவின் கையை மட்டும் நான் விடவில்லை.

வெளியே துலுக்கானத்தின் ஆட்டோ நின்றது. வாரந்தோறும் சரசாவைக் குத்தம்பாக்கம் கூட்டிப்போகிறவன் அவன்தான்.

"ஊட்டுக்குத்தானே நைனா?" என்றான். தலையாட்டினேன்.

வண்டி கிளம்பியதும் சரசாவிடம் கேட்டேன். "நடக்காததை நடந்ததுன்னு எழுதியிருக்கியே. சந்நிதியில பொய் சொல்லலாமா?"

"நீங்க புனேன்னு சொன்னீங்களே."

"அது வேற."

"சரி, வேறதான்." என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, ரயில் வந்து நின்னப்புறமாவா டிக்கெட் எடுப்பீங்க? எடுத்துக் கையில வச்சுகினுதானே காத்திருப்போம்?"

ரயில்வேக்காரனிடம் ரயிலை வைத்தே பேசினாள்.

"அவன் சரியாகலேன்னா?"

"அப்போ அழுதுக்கறேன். இப்போ ஸ்தோத்திரம்."

துலுக்கானம் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். "அம்மா கரீட்டாதான் பேசுது நைனா. வாராவாரம் எனக்கும் இதே பிரசங்கம்தான்."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுப்பா" என்றேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "வண்டியக் குத்தம்பாக்கத்துக்குத் திருப்பு" என்றேன்.

இல்லத்தின் குழாயடியில் அருள் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

"என்னப்பா, புனே வரைக்கும் வந்துட்டீங்க" என்றான்.

சரசா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"உங்கம்மா டிக்கெட் எடுத்துட்டா" என்றேன். "வராம இருக்க முடியுமா?"

அவனுக்கு விளங்கவில்லை. கோயிலுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, மிச்சமிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்தேன்.